இரண்டு மணி நேரக் குரல்

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு விடுதியின் ஏழாம் எண் அறையில் செல்போன் பதினோராவது தடவையாக ஒலித்தது.

கேப்டன் இளஞ்செழியன் எடுக்கவில்லை.

திரையில் அதே பெயர்... அபிநயா. அவருடைய துணை விமானி!

கதவு தடதடத்தது.

"சார்! ஒண்ணு அத எடுங்க, இல்ல அமுக்குங்க!" விடுதிக்காரி ஜோதியம்மாள். "பக்கத்து ரூம்ல வெள்ளக்காரரு கண்ண மூடி உக்காந்துகினு கீறாரு. உங்க போன் அடிக்கறப்பல்லாம் எழுந்து வந்து என்னத் திட்றாரு!"

"சாரிங்க."

"அஞ்சு நாளா சாப்பாடும் கம்மி, தூக்கமும் கம்மி. கோயிலுக்கும் போவல. எதுக்குதான் வந்தீங்க?"

அவர் போனை அமுக்கினார்.

கீழ்பென்னாத்தூர் போக வந்திருந்தார். மூன்று முறை பஸ் ஏறினார். மூன்று முறையும் பஸ் கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

அங்கே பச்சையம்மாள் இருந்தாள். அவள் மகள் தென்றல், இருபத்து நான்கு வயது, இளஞ்செழியன் ஓட்டிய விமானத்தில் பணிப்பெண். அக்டோபர் 23-ம் தேதி விமானம் சென்னையில் இறங்கும்போது, எழுந்து நின்ற பயணி ஒருவரை உட்கார வைக்கத் தன் பெல்ட்டைக் கழற்றினாள். அந்த நொடியில் விமானம் ஓடுபாதையில் பலமாக மோதி இறங்கியது.

மற்ற எல்லோரும் பிழைத்தார்கள்.

மறுபடி கதவு!

திறந்தார். அபிநயா நின்றாள்!

"போன எடுக்க மாட்டீங்களா கேப்டன்?"

"நீ... எப்படி இங்க?"

"லீவு லெட்டர்ல இந்த விலாசத்தத்தான எழுதிக் குடுத்தீங்க?"

உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"நாளைக்கு விசாரணை. ஸ்பீடு குறையறத நான் சொல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டு தடவ கத்தினேன் கேப்டன்! 'ஸ்பீட்... ஸ்பீட்'னு!"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என் லைசென்ஸ் போயிடும். எங்கப்பா கழனிய வித்துப் படிக்க வெச்சாரு. அத விடுங்க... அந்தப் பொண்ணு செத்ததுக்கு நாந்தான் காரணம்னு ஊரே சொல்லுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாய்ஸ் ரெக்கார்டர்ல என் குரல் இருந்திருந்தா நிரூபிச்சிருப்பேன்!"

விமானி அறைப் பேச்சை அந்தக் கருவி பதிவு செய்யும். கடைசி இரண்டு மணி நேரம் மட்டும்தான் அதில் நிற்கும். மின்சாரம் ஓடும்வரை பழைய குரலின் மேல் புதிய சத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். விபத்து நடந்தால் விமானி உடனே அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்து நிறுத்த வேண்டும். சீருடை போட்ட எல்லோருக்கும் தெரியும்.

'பதற்றத்தில் மறந்துவிட்டேன்' என்று இளஞ்செழியன் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நெஜமாவே மறந்துட்டீங்களா கேப்டன்?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"மறக்கல."

"என்ன?!"

"பிரேக்கர் மேல கை வெச்சேன். இழுக்கல. விமானத்துல கரண்ட்டையும் நிறுத்தல. ரெண்டு மணி நேரம் அங்கயே சுத்திக்கிட்டு இருந்தேன். பழசெல்லாம் அழியற வரைக்கும்!"

"ஏன்?"

"இஞ்சின் வேகத்த மெஷின்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அத கட் பண்ற பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழ இருந்துச்சு. நாந்தான் அமுக்கிட்டேன் அபிநயா! 'ஐயோ, அமுக்கிட்டேனே'ன்னு கத்தினேன். அலாரம் சத்தத்துல உனக்குக் கேக்கல. ஆனா ரெக்கார்டருக்குக் கேட்டிருக்கும்!"

அவர் குரல் உடைந்தது.

"தென்றலைக் கொன்னது நான். பழிய உன் மேல தள்ளினேன்."

"இதையே எழுதித் தருவீங்களா சார்?"

வாசலில் புதுக்குரல்! விசாரணை அதிகாரி சகாதேவன்.

"இவரையும் கூட்டிட்டுதான் வந்தேன்" என்றாள் அபிநயா. "மன்னிச்சுடுங்க."

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கற? பேப்பர் குடுங்க சார். தர்றேன்."

அபிநயா இரண்டு தடவை கத்தியதையும் சேர்த்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஐந்து நாட்களில் முதல்முறையாக ஒரு சொம்புத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

சகாதேவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன் சார். டேட்டா ரெக்கார்டர முந்தாநேத்து படிச்சுட்டோம். எந்தப் பட்டன எப்ப அமுக்கினாலும் அதுல பதிவாகும்."

"தெரியும். அன்னிக்கிருந்த பயத்துல அது தோணல."

"நீங்க எதையுமே அமுக்கல."

"என்னது?!"

"உயரம் அளக்கற மீட்டர் கெட்டுப்போச்சு. முந்நூறு அடியில பறக்கறப்பவே, தரைக்கு வந்துட்டோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிருக்கு. கம்ப்யூட்டர் இஞ்சின் வேகத்தக் குறைச்சுது. வேகத்தக் கூட்ட நீங்க இஞ்சின் லீவரத் தள்ளினீங்க. அது திரும்ப இழுத்துடுச்சு."

"அப்ப... நான் அழிச்சது?"

"இந்தம்மா கத்தினதுக்கும், கேட்ட உடனே நீங்க தள்ளினதுக்கும் இருந்த ஒரே சாட்சி!"

அபிநயா கட்டில் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

"பதிமூணு நாளா... லேட்டா கத்திட்டனோ, லேட்டா கத்திட்டனோன்னு நான் தூங்கவே இல்ல கேப்டன்!"

"கீழ்பென்னாத்தூர் போகணும்" என்று இளஞ்செழியன் செருப்பை மாட்டினார்.

அன்று பகல் பஸ்ஸில் மூவரும் கீழ்பென்னாத்தூர் போனார்கள். இந்த முறை அவர் இறங்கவில்லை. பச்சையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணையில் அபிநயா விடுவிக்கப்பட்டாள். சாட்சியை அழித்ததற்கும் பொய் அறிக்கை கொடுத்ததற்கும் இளஞ்செழியனின் லைசென்ஸ் பறிக்கப்பட்டது.

விமானத்துக்குப் புது மீட்டர் பொருத்தினார்கள். பிப்ரவரியில் அது மறுபடி பறந்தது.

அதன் லைசென்ஸை யாரும் கேட்கவில்லை!