நிமிர்ந்த தட்டுகள்

காலை எட்டரை. ஆய்வுக்கூட மேசைமீது மூடியிட்ட வட்டத் தட்டுகள் நிமிர்ந்தபடி நேர்வரிசையில் பாழாகிக் கிடந்தன.

அவற்றை வைத்த அம்மாள் கடல் விஞ்ஞானி. முப்பது வருடமாகக் கடல்நீரிலுள்ள வைரஸ்களை எண்ணி வருபவர். தட்டில் கடற்பாசிக் கூழ் பரப்பி, கடல் பாக்டீரியாவை வளரவிட்டு, மேலே நீரைச் சேர்ப்பார். வைரஸ் தின்ற இடத்தில் பொட்டுப்போல் ஒரு வட்டம் தெளியும். இப்போது பொட்டுகள் எல்லாம் ஈரத்தில் கலைந்திருந்தன. அவருடைய கடைசிக் கடற்பயணத்து நீர் அது. இந்த மாதத்தோடு பணி ஓய்வு.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று நேற்றுத்தான் தன் ஆய்வு உதவியாளரோடு வாக்குவாதம் நடந்திருந்தது. கெடுத்தது அந்தப் பெண்தான், இன்றே வேலையைவிட்டு அனுப்பிவிடுங்கள் என்று இயக்குநரிடம் சொல்லியாயிற்று.

காவல் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எல்லோருக்கும் இன்னும் இன்ஸ்பெக்டர்தான். எப்படிக் கெட்டது என்று கேட்டார்.

"கவுத்துதான் வைப்போம். நிமிர்த்தி வெச்சா மூடியில கோக்குற ஈரம் கூழ்மேல சொட்டிடும். இது தெரிஞ்சது எனக்கும் அவளுக்கும்தான்."

சாவியும் அந்த இருவரிடம்தான். வெளியாள் யாரும் வரவில்லை என்றார் அம்மாள்.

"நாலு வருஷமா இந்தத் தட்டுகளுக்குத் தாலாட்டு ஒண்ணுதான் பாடல, சார்," என்றாள் அந்த உதவியாளப் பெண்.

செய்தி கேட்டு அம்மாளின் கணவர் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்திருந்தார். இருந்தது நாலு பேர். அவரோ அங்கிருந்த தேநீர்த் தட்டத்தில் கவிழ்ந்திருந்த ஆறு தம்ளரையும் நிமிர்த்தி, வரிசை பிசகாமல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா, சார்?"

"ஆமா, இவளக் கூட்டிட்டுப் போக. மீட்டிங் முடியல, உள்ள உக்காருங்கன்னு சாவி குடுத்தா."

"சும்மா உக்காந்திருந்தீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் மேசையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"எல்லாம் கவுந்து கெடந்துச்சு. பாவம், அவசரத்துல போட்டுட்டுப் போயிட்டாளேன்னு நான்தான் நிமிர்த்தி…"

இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் திரும்பினார். "கெடுக்க நெனச்சவங்களுக்கு மூடியத் திறந்துபோட்டாலே போதும், மேடம். ஒவ்வொண்ணா எடுத்து இப்படி அழகா அடுக்கமாட்டாங்க. நீங்க விஷயம் தெரிஞ்சவங்களத் தேடினீங்க. இது தெரியாதவர் பிரியமா செஞ்சது. வீட்டுக்காரர் வெளியாள் இல்லேன்னு அவரக் கணக்குலயே சேக்கல."

அம்மாள் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பெண்ணை அனுப்ப வேண்டாம், தவறு தன்னுடையது என்றார். குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

"அந்தக் கடல்தண்ணி கொஞ்சம் மிச்சமிருக்கு. இந்தத் தடவ நீ எண்ணும்மா. என்னை மன்னிச்சிடு."

கணவர் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி நிமிர்த்திப் பிடித்தாள்.

"இது நிமிர்ந்தே இருக்கட்டும், அங்கிள். டீ ஊத்துங்க."