ஒரு தட்டு

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, டயகமவுக்குப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்ட லொறி வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் விழுந்தது. அதில் கொழுந்து பறிக்கப் போன பெண்களில் ஏழு பேரும் சாரதி மாயாண்டியும் இறந்தார்கள்.

ஐந்து வருடங்களுக்குப் பிறகு, ஓர் ஆகஸ்ட் மாதத்தில், றோலண்ட் ஒரு பழைய லொறியை இன்னொரு வாகனத்தில் ஏற்றித் தலவாக்கலையில் இருக்கும் சுதாகரனின் கராஜுக்குக் கொண்டுவந்து இறக்கினார். வெளிநாட்டுப் பயணிகளைக் காட்டுப் பாதைகளில் கூட்டிப்போவது அவர் தொழில். லொறிக்குச் சாம்பல் நிறம் அடித்து, முன்பக்கத்தை மாற்றி, பின்னால் இரண்டு கட்டில்களோடு ஒரு கூடும் கட்டியிருந்தார். அடிப்பாகம் மட்டும் பழையது. அச்சுகளையும் ஸ்பிரிங்குகளையும் முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும்.

“தோட்டத்து லொறின்னு வாய் தவறிக்கூட சொல்லிராதீங்க பாஸ். வெள்ளைக்காரங்களுக்கு இது எக்ஸ்பெடிஷன் ட்ரக்.”

“பேர மாத்துனா துரு போயிருமா?” என்றார் சுதாகரன், அடியில் படுத்தபடி. “எந்தத் தோட்டத்துல நின்னது?”

“ஏலத்துல எடுத்தது. யாரு கேட்டா?”

பத்து மணிக்கு நாகலெட்சுமி பிளேன்டி கொண்டுவந்தார். எதிரில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருந்தார். அவர் திரும்புவதற்குள் றோலண்ட் குரலைத் தாழ்த்தினார். அவ்வளவாகத் தாழவில்லை.

“இது அந்த மாயாண்டி சம்சாரம்ல? பார்த்துக் குடிங்க பாஸ், சாராயம் கலந்திருக்கப் போகுது.”

நாகலெட்சுமி வெற்றுக் கிளாஸுகளை எடுத்துக்கொண்டு போனார். சுதாகரன் சிரிக்கவில்லை. மறுபடி லொறிக்கு அடியில் நுழைந்தார்.

தோட்ட லொறியில் பின்னால் நிற்கும் பெண்களுக்கும் முன்னால் இருக்கும் சாரதிக்கும் இடையில் ஒரு பாஷைதான் உண்டு. தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். விசாரணையில் உயிர் தப்பிய பெண்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “நாங்க தட்டுனோம். அவரு நிப்பாட்டல.” தட்டியும் நிறுத்தாதவன் குடித்திருக்க வேண்டும் என்று தோட்டம் முடிவுசெய்தது. தோட்டத்து லயக் குடியிருப்பில் யாரும் முகம் கொடுக்காததால் நாகலெட்சுமி டவுனுக்கு வந்துவிட்டார்.

அப்போது அந்தத் தோட்டத்தின் மெக்கானிக் சுதாகரன். ‘ஸ்பிரிங்குகள் நல்ல நிலையில் இருந்தன, விழுந்த வேகத்தில் உடைந்தன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

மூன்றாம் நாள் பின்பக்க இடது ஸ்பிரிங்கைக் கழற்றினார். பிரதான பட்டை இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் வெல்டிங் தழும்பு. அது முடியும் இடத்தில் ஒரு சின்ன வால். வெல்டிங் குச்சியைத் தூக்கும்போது கையைச் சுழற்றுகிற பழக்கம் அவருடையது.

பள்ளத்தில் விழுந்த லொறி இதுதான்.

ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் செய்யக்கூடாது. அன்றைக்கும் அது அவருக்குத் தெரியும். புதியது அடுத்த வாரம் வரும் என்று தோட்டத்தை நிர்வகித்த துரை சொன்னதால் செய்தார். உடைந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது. மீதிப் பாதியில் அவ்வளவு துரு இல்லை. லொறி விழுந்ததில் பட்டை உடையவில்லை. பல நாட்களாக உள்ளே விரிசல் ஓடி, அன்று காலை முழுதாக உடைந்திருக்கிறது. அச்சு பின்னால் நழுவி, பிரேக் குழாயையும் இழுத்து அறுத்திருக்கிறது.

பட்டைத் துண்டுகளைச் சாக்கில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். புதிய பட்டைகள், புதிய யூ போல்ட்டுகள், புதிய பிரேக் குழாய்கள் போட்டார். வேலை முடிந்ததும் சக்கர நடுவிலிருந்து கூட்டின் விளிம்புவரை அளந்தார். இரண்டு பக்கமும் இருபத்தோரு அங்குலம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கராஜைத் திறந்தபோது மூடுபனி உள்ளேயும் வந்தது. கூடவே ஒரு வாசனை. நனைந்த சாக்குப் படங்கும் பச்சைக் கொழுந்தும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் அந்தப் படங்கு பல நாள் ஈரத்தில் கிடந்தால் வரும் வாசனை.

லொறியின் இடது பின்பக்கம் கொஞ்சம் இறங்கியது.

பட்டைகள் முனகின.

மறுபடி இறங்கியது. யாரோ ஏறுவது போல.

அவர் எண்ணினார்.

ஏழு.

கூட்டின் கதவைத் திறந்து பார்த்தார். இரண்டு கட்டில்கள். வேறு எதுவும் இல்லை. அளந்தார். பதினெட்டு அங்குலம்.

எட்டரைக்கு றோலண்ட் வந்தார். “புதுப் பட்டை, அமுங்கத்தான் செய்யும். வாங்க, டயகம ரோட்டுல ஓட்டிப் பார்ப்போம்.”

சுதாகரன் ஓட்டினார். லிந்துலை தாண்டியதும் பனி கண்ணாடியை மூடியது. வெற்று லொறி மேட்டில் பாரம் ஏற்றியதுபோல இழுத்தது. அந்த வளைவுக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும்போது, தலைக்குப் பின்னால் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது.

ஒன்றே ஒன்று.

றோலண்டின் முகம் வெளுத்தது. “பின்னால யாரு பாஸ்?”

சுதாகரன் பிரேக்கை மிதித்தார். லொறி நின்றது.

பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. ஈரத் தரையில் செருப்பில்லாத கால்களின் சத்தம் கேட்டு, பனிக்குள் போய் அடங்கியது.

“போங்க பாஸ்,” றோலண்ட் கிசுகிசுத்தார். “எடுங்க.”

“ரெண்டு தட்டு தட்டல.”

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். தட்டவில்லை. தட்டு கேட்காமலே லொறியை எடுத்துத் திரும்பினார்கள்.

அன்று மதியம் சுதாகரன் சாக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நாகலெட்சுமி துருவைத் தொட்டுப் பார்த்தார்.

“அவங்க தட்டுனது அவருக்குக் கேட்டுருக்குமா?”

“கேட்டுருக்கும். மிதிச்சிருப்பாரு. பிடிக்க பிரேக் இல்ல.”

நாகலெட்சுமி துண்டுகளை மறுபடி சாக்கில் சுற்றினார்.

“இத்தன வருஷமா என் கையால பிளேன்டி வாங்கிக் குடிச்சீங்களே அண்ணே.”

மறுநாள் இரண்டு பேரும் பொலிசுக்குப் போனார்கள். கோப்பு மூடப்பட்டுவிட்டது, இறந்தவர் மேல் இனி வழக்கும் இல்லை, திருத்த என்ன இருக்கிறது என்று அதிகாரி சிங்களத்தில் சொன்னார். முறைப்பாட்டைப் பதிந்துகொண்டு பட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

றோலண்ட் அந்த மாதமே லொறியை அநுராதபுரத்தில் ஒருவருக்கு விற்றார். நாகலெட்சுமி கடையை ஹட்டனுக்கு மாற்றிக்கொண்டார். பட்டை மறுபடியும் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

சுதாகரன் இப்போதும் ஏழு மணிக்குக் கராஜைத் திறக்கிறார். ஏழேகாலுக்குத் தகரக் கதவில் ஒரு தட்டு கேட்கிறது. இரண்டு தட்டு இதுவரை கேட்கவில்லை.