இரட்டைப் படிக்கட்டு

படிக்கட்டின் கைப்பிடிக் கல் சூடாக இருந்தது. மெல்பேர்னின் ஜூலைக் குளிர் கையுறையையும் தாண்டி விரல்களைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கோட்டைக்குள், யாரோ இப்போதுதான் பற்றியிருந்து கையெடுத்ததுபோல அந்த ஓரிடம் மட்டும் வெதுவெதுத்தது. கௌசிகா கையை இழுத்துக்கொண்டாள்.

புறநகரான கிரான்பர்னுக்கு அப்பால், மேய்ச்சல் நிலத்தின் நடுவே நின்றது அந்தக் கோட்டை. ஆட்டுரோம வியாபாரத்தில் கொழித்த ஒருவர், பிரான்சில் இடிந்துகொண்டிருந்த மறுமலர்ச்சிக்காலக் கோட்டையொன்றைக் கல் கல்லாகக் கழற்றி, கப்பலில் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருந்தார். இப்போது அதைக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார்கள். கட்டடக் கலைஞர்களான கௌசிகாவும் கணவன் லோஜனும் 2011இல் அதை அளந்து வரைய வந்திருந்தார்கள்.

அதன் பெருமையே நடுவிலிருந்த படிக்கட்டுத்தான். ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறின. ஒன்றுக்கு வாசல் முன்புறம், மற்றதற்குப் பின்புறம். ஒன்றில் போகிறவர் மற்றதில் வருகிறவரைச் சந்திக்கவே முடியாது. இரண்டுக்கும் இடையிலிருந்த சுவரின் ஒடுங்கிய பிளவுகளால் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத அண்ணனும் தம்பியும் அப்படிக் கட்டுவித்தார்களாம். தம்பியை அண்ணன் கொன்ற பிறகும் மற்றப் படிக்கட்டில் நடமாட்டம் நிற்கவில்லையாம். காரில் வரும்போது லோஜன் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்திருந்தாள்.

ஆளுக்கொரு படிக்கட்டை அளப்பதாக ஏற்பாடு. முன்வாசலால் நுழைந்த அவள் ஏறத் தொடங்கினாள். சுவருக்கு அப்பாலும் காலடிச் சத்தம் ஏறியது. ஈரச் சுண்ணாம்பின் வாசனையோடு, நெடுநாள் துவைக்காத துணியின் புளித்த வாடையும் பிளவுகளால் வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. லோஜன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். கூப்பிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது, சுவரோடு ஒட்டியபடி.

கைபேசி அடித்தது.

"கௌசி, பின்கதவு இறுகிப்போய்க் கிடக்கு. நான் இன்னும் வெளியிலதான் நிக்கிறன். கம்பியால நெம்பிப் பாக்கிறன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம். உள்ள வராதேங்கோ. இஞ்ச ஆரோ நிக்கினம்."

சுவருக்கு அப்பால் காலடி திரும்பியது. இறங்கியது. வேகமாக. கீழே, பின்கதவை நோக்கி.

அவளும் ஓடினாள். வளைவு. இன்னொரு வளைவு. இந்தப் பக்கம் அவள் காலடி. அந்தப் பக்கம் அது. அது முந்தியது. கைபேசிக்குள் மரம் பிளக்கும் சத்தம்.

"திறந்திட்டுது," என்றான் லோஜன்.

பிறகு எதுவும் இல்லை. காலடி இல்லை. மூச்சு இல்லை.

"லோஜன்?"

"இஞ்சதான் நிக்கிறன், கௌசி."

குரல் கைபேசியிலிருந்து வரவில்லை. அவள் காதருகே, சுவரிலிருந்து வந்தது.

திரும்பினாள். ஒரு கைகூட நுழையாத அந்தப் பிளவுக்குள் லோஜனின் முகம் முழுதாக இருந்தது. இமைக்காமல் அவளைப் பார்த்தது.

பிறகு, மெதுவாக, தோளும் வரத் தொடங்கியது.