வெளியே வராத கோட்டை

சுருள்முடிக்காரி ‘சுருட்டை’ செய்த களிமண் கோட்டையைக் கைவினை டீச்சர் மேசைமேல் தூக்கி வைத்தார். வகுப்பே வாயைப் பிளந்தது.

குண்டூசிக்கு வயிறு எரிந்தது. ஒல்லியாக இருப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர்; கோபம் வந்தால் குத்திப் பேசுவதாலும்தான். அவள் செய்த ஆமையை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தக் கோட்டைக்குத்தான் அச்சு எடுக்கப் போறோம். அதுல சோப்பை உருக்கி ஊத்தி, ஒன்னாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு கோட்டை!” என்றார் டீச்சர்.

‘ஏதாவது குறை இல்லாமலா இருக்கும்?’ என்று குண்டூசி கோட்டையை முறைத்தாள். கண்டுபிடித்தும் விட்டாள்! சுவர்கள் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேராக இருந்தன.

அவளுடைய அப்பா பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறையில் வேலை செய்கிறார். “வாளி ஏம்ப்பா கீழே குறுகலா இருக்கு?” என்று ஒருநாள் கேட்டிருந்தாள். “நேரா இருந்தா அச்சுலயே சிக்கிக்கும்மா. இழுத்தாலும் வராது” என்றார் அவர்.

‘சிக்கட்டும். நல்லா சிக்கட்டும்!’ குண்டூசிக்குக் குஷி தாங்கவில்லை.

டீச்சர் கோட்டையை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, பிளாஸ்டர் மாவைக் கரைத்தார். இருந்ததே ஒரு பொட்டலம்தான்.

சுருட்டை வந்து குண்டூசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“பக்கத்துல நில்லுடி. மூணு நாளா செஞ்சேன். கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு.”

இவளுக்குச் சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா? குண்டூசிக்கு எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

டீச்சர் மாவுக் கிண்ணத்தைச் சாய்க்கப் போனார்.

“ஊத்தாதீங்க டீச்சர்! சுவரு நேரா இருக்கு, சோப்பு வெளிய வராது!” என்று குண்டூசி கூவினாள்.

“பொறாமையில சொல்றா!” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

“ஆமா, பொறாமைதான்! அதுக்காக சோப்பு வந்துடுமா?”

வாளிக் கதையை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். டீச்சர் மேசையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவும் கீழே குறுகல்தான்.

“அடடா! சீக்கிரம் சரி பண்ணுங்க, மாவு இறுகிடும்!”

சுருட்டையும் குண்டூசியும் ஆளுக்கொரு ஸ்கேலால் சுவரைச் சரசரவென்று சீவினார்கள். கவிழ்த்து வைத்த வாளி மாதிரி அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் ஆனது. மாவு கெட்டியாவதற்குள் ஊற்றியும் விட்டார்கள்.

மறுவாரம், இறுகிய அச்சுக்குள்ளிருந்து களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சோப்பை ஊற்றினார்கள். முதல் சோப்பு ஆறியதும், டீச்சர் அச்சைக் கவிழ்த்துத் தட்டினார். கோட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. ஒரு மூலைகூட உடையவில்லை.

“கோட்டை என்னோடது. வெளிய வந்தது இவளால!” என்று சுருட்டை எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

குண்டூசிக்குப் பொறாமை முழுசாகப் போய்விடவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால், அதைக் கவனிக்க இப்போது நேரமில்லை.

“தள்ளுடி, அடுத்ததை நான் தட்டுறேன்!” என்று கையை நீட்டினாள்.