நானூற்றுப் பன்னிரண்டாவது முறை

அன்று காலை ஒரு கணக்குப் பாடத்தையும் ஒரு ஊறுகாய்ப் பாட்டில் மூடியையும் இளக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கணக்கு, ஏழாம் வகுப்புப் பின்னம். மூடி, எலுமிச்சை ஊறுகாய். இரண்டுக்கும் ஒரே படிவம்தான். ஒரு பொருள் யாரையாவது மூன்று முறைக்கு மேல் தோற்கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோற்கடித்தால், நான்காவது முறை தானாகவே விட்டுக்கொடுக்கும்படி அதற்குள் ஓர் இளக்கியைப் பொருத்த வேண்டும். கோவை மண்டலத்தில் இந்த வேலைக்குப் பதினொரு பேர் இருந்தோம். கடின அளவர் என்று பதவிப் பெயர். கேட்க என்னவோ பெரிதாக இருக்கும். பாதி நாள் மூடி திருகுவதிலேயே போய்விடும்.

இளக்கச் சட்டம் வந்து முப்பத்தெட்டு வருடமாகிறது. எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு, முழங்கால் வலிக்காரர்களைக் கண்டதும் தாழ்ந்துகொள்ளும். அதன்பின் தேர்வில் தோற்ற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதில்தான் சோறு தின்றேன்.

வீட்டில் என் மனைவி தமயந்தி சுவர்த்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கைத்துணை உறை இல்லை. கழற்றிச் சோபாவில் போட்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"செத்துட்டேனுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முந்நூத்தி எண்பது."

அது 'கருக்கல்' என்ற விளையாட்டு. தூத்துக்குடியில் ஜெபக்கனி என்ற பெண் தனியாளாகச் செய்தது. என் மேசைக்கு அளவிட வந்திருந்தது. விடிவதற்குச் சற்று முன்பான நேரம்; அந்த ஊரில் பொழுது விடியவே விடியாது. வற்றிய ஓர் அணை, மூடுபனி, இசை கிடையாது, எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும். கையில் ஒரு கிண்ணம் தண்ணீருடன், ஒன்பது தூண்கள் கொண்ட பாலத்தைக் கடக்க வேண்டும். நம் கை நடுங்கினால் திரையில் கிண்ணமும் நடுங்கும். ஒரு சொட்டு சிந்தினால் சாவு, மறுபடி முதல் படி. கடந்தவர்கள் அக்கரைத் திண்டில் தங்கள் கிண்ணத்தை வைத்துப் பெயரைச் செதுக்கலாம். ஒருவர் ஒரு முறைதான் கடக்க முடியும். அதன்பின் பாலம் அவருக்குத் திறக்காது. உலகம் முழுக்க அதுவரை பதினேழு கிண்ணங்கள்.

அளவிடும் அறுபது நாளைக்கு மட்டும் எந்தப் பொருளும் சட்டத்துக்கு வெளியே இருக்கலாம். அந்தப் பிரதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டார் விளையாடிப் பார்க்க விதி இடம் தருகிறது.

தமயந்தி மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடுவது அவள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையைக் கொண்டுபோனது. மருத்துவமனையில் கைத்துணை மாட்டிவிட்டார்கள். தோலோடு ஒட்டிய உறை. நினைத்ததை நினைத்தபடி செய்யும். பொத்தான் போடும், வெங்காயம் அரியும், கையெழுத்துகூட முன்பைவிட அழகாகப் போடும். முதல் வாரம் எல்லோரும் கைதட்டினோம். இரண்டாவது மாதம் ஒரு நாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, இப்ப வெங்காயம் அரிஞ்சது நானுங்களா, இதுங்களா?" மருத்துவரிடம் கேட்டதற்கு, அது தேவையில்லாத கேள்வி என்றார்.

'கருக்கல்' வந்த அன்று சும்மா உறையைக் கழற்றி உட்கார்ந்தவள்தான். முதல் வாரம் முதல் படியிலேயே செத்தாள். முப்பதாவது நாள் ஆறாவது தூண். அங்கே மூன்று மூச்சு விட்டதும் பக்கவாட்டில் ஒரு காற்று அடிக்கும். அதன்பின் அத்தனை முறையும் அந்தக் காற்றில்தான் போனாள். ஆனால் முதல் தூண் முதல் ஐந்தாவது வரை போனது யார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அவள் கை தேறுவதைச் சாட்சியாக வைத்து, 'கருக்கல்' இளக்கப்படாமல் இருக்க விதிவிலக்கு கேட்டு அறிக்கை எழுதப் போவதாக ஜெபக்கனியிடம் சொல்லியிருந்தேன்.

நானூற்றுப் பதினொன்றாவது முறை செத்தபோது வலது கையை மேசையில் ஓங்கி அடித்தாள். பிறகு அழுதாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். பக்கத்து அறைக்குப் போனேன். என்னிடம் அளவர் திறவுகோல் இருந்தது. ஆறாவது தூணின் காற்று முதல் அக்கரைவரை, ஒரே ஒரு முறைக்கு மட்டும் இளக்கினேன். பத்து நொடி வேலை.

கூடத்திலிருந்து கூச்சல் கேட்டது. ஓடி வந்தேன். அக்கரையில் பதினெட்டாவது கிண்ணம். அதன் கீழே 'தமயந்தி நாச்சிமுத்து' என்று கோணல்மாணலாகச் செதுக்கியிருந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடுமலைப்பேட்டைத் தங்கச்சியைக் கூப்பிட்டு, "நானாத்தான் கடந்தேன், என்ற கையாலயே!" என்றாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு மாலை நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

காலையில் அடுக்களையில் ஏதோ விழும் சத்தம். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர், நடுவில் ஒரு கிண்ணம் உருண்டு கிடந்தது. உறையில்லாத கையோடு அவள் நின்றிருந்தாள்.

"நிசக் கிண்ணத்துல பண்ணிப் பாக்கலாம்னு எடுத்தனுங்க. ரெண்டாவது எட்டுலயே கொட்டிப்போச்சு."

"இது கனமான கிண்ணம் தமயந்தி."

அவள் என்னையே பார்த்தாள். "ஆறாவது தூண்ல காத்து அடிச்சுதுங்க. தண்ணி அசையவே இல்லை. கல்லாட்டம் நின்னுச்சு. அத்தனை தடவை அங்க செத்தவளுக்கு அந்தத் தண்ணியத் தெரியாதுங்களா? என்ன பண்ணுனீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போடவில்லை.

"உனக்காகத்தான்…"

"எல்லாம் எனக்காகத்தானுங்க பண்ணுது. படிக்கட்டு பண்ணுது, கெட்டில் பண்ணுது, இந்த உறை பண்ணுது. நீங்களும் போயி அதுக கூடச் சேந்துக்கோணுமா?"

"நீ அழுததைப் பார்க்க முடியலை."

"நானில்ல அழுதேன்? உங்களுக்கென்ன? பேசாம உக்காந்திருக்க வேண்டியதுதானுங்களே." கிண்ணத்தை எடுத்துக் கழுவுதொட்டியில் வைத்தாள். "இனி அந்தப் பாலம் எனக்குத் தொறக்காது. அங்க இருக்கறது என்ற கிண்ணமும் இல்லை. என்ற பேரை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பெயரை எடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் என் வேலை போகும். தாராபுரம் ரோட்டில் எங்கள் அலுவலக மாடியில் ஒரு மணி நேரம் நின்று யோசித்துவிட்டு ஜெபக்கனியைக் கூப்பிட்டேன்.

"என்ன சார் சொல்லுதீங்க!" என்றாள். "அந்தக் கிண்ணத்த நான் நேத்தே பாத்தேன் சார். எங்கம்மாகிட்டக் காட்டி, பாரும்மா, கை விழுந்த ஒரு அக்கா தாண்டிட்டாங்கன்னு சொன்னேன்."

"மன்னிச்சிரும்மா."

"பேரை எடுத்திருதேன். அக்காவுக்குப் பாலத்தையும் திறந்து விடுதேன். ஆனா நடுவுல விட முடியாது, முத படியிலேருந்துதான் ஏறணும். இன்னொண்ணு சார். அவங்க கை தேறுனதத்தான நீங்க அறிக்கையில சாட்சியா எழுதப் போறேன்னீங்க? இப்ப அது யாருகிட்டச் செல்லும்?"

யாரிடமும் செல்லவில்லை. அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்; வேலை போனது. விதிவிலக்கு கேட்டு நான் பாதி எழுதியிருந்த அறிக்கை என்னோடு சேர்ந்து வெளியே வந்தது. கோப்பு வேறோர் அளவரிடம் போனது. ஒன்றாம் தேதி முதல் 'கருக்கல்' இளக்கப்படும் என்று உத்தரவு. அதற்கு இருபத்தொரு நாள் இருந்தது.

தமயந்தியிடம் சொன்னேன். "இருபத்தொண்ணுங்களா?" என்றாள். உறையைக் கழற்றிவிட்டு முதல் படியில் போய் நின்றாள்.

வேலையில்லாததால் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திறவுகோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் கை சும்மா இருக்காது, அவள் முழங்கையைத் தாங்கப் போகும். அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் செத்தாள். காறித் துப்பாத குறையாகத் திட்டினாள், மறுபடி ஏறினாள். ஒன்பதாம் நாள் நான்காவது தூண். பதினாறாம் நாள் ஆறாவது. கடைசி நாள் சாயங்காலம் அந்தக் காற்று அடித்தது, கிண்ணத்து நீர் விளிம்புவரை எழும்பித் திரும்பி உள்ளேயே விழுந்தது. ஏழாவது தூணுக்கு நான்கு எட்டு இருக்கையில் ஒரு சொட்டு.

"போச்சு" என்றாள். அழவில்லை. "ஆறைத் தாண்டிட்டனுங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

மறுநாள் ஒன்றாம் தேதி. திரையைத் திறந்ததும் 'கருக்கல்' இனிய குரலில் வரவேற்று, இன்று பாலம் எளிதாக இருக்கும் என்றது. பின்னணியில் புல்லாங்குழல்கூடச் சேர்த்திருந்தார்கள். அக்கரையில் விடிந்தேவிட்டது, திண்டு கொள்ளாமல் கிண்ணங்கள். தமயந்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். அணைத்துவிட்டு எழுந்தாள்.

"எந்திரிக்காதீங்க. டீ வெச்சுட்டு வர்றேன்."

எங்கள் வீட்டுத் தம்ளர்கள் எல்லாம் சாயாதவை. அவள் அரிசி அளக்க வைத்திருந்த சாதாரண எவர்சில்வர் தம்ளரை எடுக்கும் சத்தம் கேட்டது. கைத்துணை சோபாவில் என் பக்கத்தில்தான் கிடந்தது. அடுக்களையிலிருந்து நான் இருந்த இடத்துக்குப் பதினொரு எட்டு. ஒவ்வோர் எட்டிலும் தரையில் டீ சொட்டியது. சூடு அவள் விரலில் வழிந்தது. முகம் சுளித்தாள், விடவில்லை. என் தொடைக்கு அடியில் கைகள் மரத்துப்போயிருந்தன.

தம்ளரை நீட்டினாள். பாதிதான் இருந்தது.

"இது நான் கொண்டாந்ததுங்க" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். கண் நிறைந்துவிட்டது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குதுங்க?"

நல்லா இருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சர்க்கரை போடலை" என்றேன்.

தமயந்தி சிரித்தாள். "அட ஆமாங்க. இருங்க, வேற கொண்டாரேன்" என்று தம்ளரை வாங்கிக்கொண்டு, ஈரத்தில் கால் வைக்காமல் அடுக்களைக்குத் திரும்பி நடந்தாள்.