நின்றுபோன படம்

“படம் நடுவுல நின்னுபோச்சுன்னா, அதுக்குள்ள இருக்கறவங்க எங்கம்மா காத்துக்கிட்டிருப்பாங்க?”

ஐந்து வயதில் மகள் அவளிடம் கேட்டது. அன்று சிரித்து மழுப்பிவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஆவணக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில் தனியே உட்கார்ந்து, மவுஸை நகர்த்திவிட்டுத் திரையில் அம்பு அசைவதற்காகக் காத்திருந்தபோது, அந்தக் கேள்வி தானாக வந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகே அம்பு கிளம்பியது. கை நின்ற பிறகும், யாரோ பிடித்து இழுப்பதுபோல் இன்னும் கொஞ்ச தூரம் போனது.

காலையில் கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதுப்பித்திருந்தாள். அதன்பிறகுதான் திரை இப்படி. மேலாளருக்கு போன் செய்தாள்.

“பழைய கெர்னலுக்குப் போயிடு. அவ்வளவுதானே?”

“அதை அழிச்சிட்டேன் சார். இடம் இல்லைன்னு சொல்லிச்சு.”

“புதுசு ஓடுதான்னு பாக்காமலா? நல்லா இருக்கு. குடிபோறதுக்கு முன்னாடியே பழைய வீட்டை இடிச்சிட்ட. சரி, வெளிய வந்து ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா பாரு.”

“கதவு திறக்கல சார். திறக்கச் சொல்லி ரெண்டு தடவை அழுத்திட்டேன். அதுக்கு இன்னும் போய்ச் சேரல.”

அங்கே இரண்டு கதவுகள். முதுகுக்குப் பின்னால் வாசல். எதிரே இயந்திர அறையின் எஃகுக் கதவு. இரண்டும் இந்தக் கணினி சொன்னால்தான் திறக்கும்.

“அணைச்சுப் போடட்டுமா?”

“ஐயோ, வேணாம். அணைச்சா ரெண்டும் பூட்டிக்கும். உன் முதல் வாரம் மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மின்சாரம் போய், அந்த எஃகுக் கதவுக்குள் அவள் மாட்டிக்கொண்டாள். காவலாளி அண்ணன் வெளியே நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். “நான் இங்கதான் இருக்கேன்மா. எங்கயும் போகல.” வீட்டுச் சாவியைத் தொலைத்த பூட்டுக்காரன் கதை ஒன்று சொன்னார். முடிவைச் சொல்வதற்குள் அவரே சிரித்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

போன மாதம் ஒரு ஞாயிறன்று, அதே அறையில் அவர் மாட்டிக்கொண்டார். அவளுக்கு போன் செய்தார். அவள் எடுக்காமல், வீட்டிலிருந்தே கேமராப் படத்தைப் பார்த்தாள்: நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சரி, சும்மாதான் கூப்பிடுகிறார், அப்புறம் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் பார்த்தபோதே அந்தப் படம் நின்றுபோய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திங்களன்று கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை; விரல் முட்டிகளில் தோலும் இல்லை.

அந்த அழைப்பைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிரார்த்தனையிலும் அந்த இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

பதிவுகளைத் திறந்து படித்தாள். புதிய கெர்னலோடு, திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருள் சேரவில்லை. திரையை ஒவ்வொரு கோடாகக் கணினியே சிரமப்பட்டு வரைந்துகொண்டிருந்தது. டிரைவரை மறுபடி நிறுவும் கட்டளையைத் தட்டினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தன. மகளுக்கு ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மணி நாலே முக்கால்.

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த கேமராப் படத்தைக் கவனித்தாள். காலி இயந்திர அறை. நடுவில் நாற்காலி. அதன்மேல் நாளிதழ்.

அந்த நாற்காலியைப் போன மாதமே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பழைய படம், எங்கோ தேங்கியிருந்து இப்போது வருகிறது என்று சொல்லிக்கொண்டாள். இருமல் மிட்டாயின் நெடி லேசாக வந்தது. அவர் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

படத்தில் அவர் வந்தார். கதவருகே நின்றார். முட்டியை ஓங்கினார். அடித்தார்.

சத்தமில்லை. எண்ணினாள். ஒன்பது வரை.

எதிரே இருந்த எஃகுக் கதவு தட்டப்பட்டது.

மறுபடி ஓங்கினார். ஆறு எண்ணுவதற்குள் சத்தம்.

மறுபடி. மூன்று.

டிரைவர் ஏறி முடிந்தது. திரை தண்ணீர்போல் தெளிந்து ஓடியது. முதுகுக்குப் பின்னால் ‘டக்’கென்று வாசல் திறந்தது, வெயில் தரையில் நீண்டு விழுந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது. பத்து அடி நடந்தால் போதும்.

படத்தில் முட்டி இறங்கியது. அதே நொடியில் கதவு அதிர்ந்தது.

ஓடுவதற்கு எழுந்தாள். எழுந்தவளின் கை நாற்காலியைப் பிடித்திருந்தது. எஃகுக் கதவைத் திறக்க அவளுக்குத் தைரியமில்லை. அதன் அருகே உட்கார மட்டும் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் இங்கதான் இருக்கேண்ணே,” என்றாள். “எங்கயும் போகல.”

தட்டல் நின்றது.

“ஒரு பூட்டுக்காரன். வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டான்...”

பின்னால் வாசல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. தரையிலிருந்த வெயில் போனது. ஒருமுறை திரையைப் பார்த்தாள். படத்தில் அவர் கதவில் சாய்ந்து, கால் நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளோடு தோள் ஒட்டி, அவளுடைய புடவையில், அவளுடைய அடையாள அட்டையோடு, இன்னொருத்தி. இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.