ஒஸ்வால்டின் மூக்கு திறந்த பின்னேரம்

வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிற நாற்றம் வந்தபோது ஒஸ்வால்ட் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டொக்டர்மார் சைனஸ் என்று சொல்லும் பீனிசம் முற்றி, மணம் என்றால் என்னவென்றே மறந்துபோன மூக்கு அது. குசினியில் கறி அடிப்பிடித்தாலும் தெரியாது, காஸ் கசிந்தாலும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மனைவி பிறிஜெற்றின் மூக்குத்தான். அந்த மூக்குக்கு இந்த நாற்றம் படவேயில்லை.

"எலியும் இல்லை, ஒண்டும் இல்லை. உங்கட மூக்குக்கு மணக்குதெண்டா அது அதிசயம்தான்," என்று அவள் சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலை இழுத்து, அலுமாரியை நகர்த்தி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் அந்தச் சின்ன வீடு முழுவதும் தேடினான். நாற்றம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மழைக்குப் பூட்டிய யன்னல்களுக்குள்ளே, கொடியில் காயாமல் தொங்கிய உடுப்புகளுக்குக் கீழால், அது குசினிக்கும் மண்டபத்துக்குமாக மெதுவாக நடந்து திரிந்தது.

நாற்றத்தோடு கோபமும் வரும். பிறகு கொஞ்ச நேரம் அவன் நினைவிலிருந்தே காணாமல் போய்விடும். முதல் தரம் நினைவு திரும்பியபோது கண்ணாடி அலுமாரி நொறுங்கிக் கிடந்தது. அவன் முழங்கை வரை இரத்தம். அடுத்த தரம் வீட்டில் வளர்த்த பூனை. அடித்த சுவரில் மயிர் ஒட்டியிருந்தது. பிறிஜெற் அழுதுகொண்டே சுவரைக் கழுவினாள். பூனை வாகனத்தில் அடிபட்டதென்று பக்கத்து வீட்டு ரொஷேலுக்குச் சொன்னாள். அவளுக்குப் பயத்தைவிட வெட்கம் பெரிது.

வெள்ளவத்தை ஆஸ்பத்திரியில் ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர், மூளையில் சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன என்றார். சைனஸ் அழற்சிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம், இன்னும் உறுதியில்லை என்றார்.

"ஆனா குணம் இப்பிடி மாறுறது நல்லதில்லை. இண்டைக்கே வாட்டில நிப்பாட்டுவம்."

அவர் சொன்னவற்றில் சைனஸ் என்பது மட்டும்தான் பிறிஜெற்றின் காதில் ஏறியது. அதற்கு ஆவி பிடித்தால் போதுமே! கொரோனாக் காலத்தில் இருவரும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டு, ஒரே பானையில் ஆவி பிடித்துத் தப்பியவர்கள். வாட்டில் நிறுத்தினால் கோயிலில் நாலு பேர் விசாரிப்பார்கள். அவனை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

"பிறிஜெற், நீர் ரொஷேலிட்ட போய் இரும். கதவை வெளியால பூட்டும். எனக்கு என்னை நினைக்கவே பயமாக் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதேங்கோ. குனியுங்கோ."

கொதித்த பானையை மேசையில் இறக்கி, யூக்கலிப்டஸ் எண்ணெய் விட்டு, எதிரே கதிரையில் அமர்ந்து இரண்டு தலைகளையும் போர்வையால் மூடினாள். இருட்டு. வெக்கை. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. அவளுடைய மூச்சு அவன் நெற்றியில் பட்டது.

"நல்லா உள்ள இழுங்கோ."

இழுத்தான்.

எலி.

இங்கே. போர்வைக்குள். மிகக் கிட்ட.

அது நடந்த வழியெல்லாம் இப்போது விளங்கியது. அவள் குசினியில் நின்றபோது குசினியில். அவள் மண்டபத்தில் இருந்தபோது மண்டபத்தில். பூனையும் அன்றைக்கு அவள் மடியில்தான் படுத்திருந்தது.

ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. கை எழுந்தது. அவள் பிடரி. கொண்டை. கீழே.

பானை குலுங்கியது. கொதிநீர் அவன் நெஞ்சில் தெறித்தது. நகங்கள் கன்னத்தைக் கிழித்தன. கதிரை விழுந்தது. குமிழிச் சத்தம். இன்னொன்று.

பிறகு கொஞ்ச நேரம் காணாமல் போனது.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் திறந்திருந்தன. எலி இல்லை. யூக்கலிப்டஸ் மணத்தது. ஈரப் போர்வை மணத்தது. அவள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்கூட மணத்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இதை முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும். எதிரே அவள் தலை இன்னும் குனிந்தபடியே இருந்தது. அதன்மேல் அவனுடைய கை இருந்தது.

"நீரும் நல்லா உள்ள இழும், பிறிஜெற்," என்றான்.